நமீபியாவுக்குக் கொடுத்த பதின்மூன்று ஆண்டுகள்



ஆப்பிரிக்க விவகாரங்களில் வல்லவர் என்று ஒரு தூதரை எதை வைத்துச் சொல்கிறோம்? எத்தனை நாடுகளில் பணியாற்றினார், எத்தனை அறிக்கைகள் எழுதினார், எத்தனை தலைவர்களோடு பேசினார் என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். அந்தக் கணக்கு பாதிதான். அவர் ஆப்பிரிக்காவை எவ்வளவு அறிந்தார் என்று கேட்கும்போதே, ஆப்பிரிக்கர்கள் அவரை எவ்வளவு அறிந்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும். அறிவு வளர்ந்து நம்பிக்கை வளராமல் போனால், நெருக்கடி வரும் நாளில் அந்த அறிவு யாருக்கும் உதவாது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். அதைச் சொல்ல ஒரு மனிதரின் பணியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் பின்லாந்து நாட்டுத் தூதர் மார்ட்டி அஹ்திசாரி. அவர் பணி செய்த மண் நமீபியா.

அஹ்திசாரியைப் பின்லாந்தின் குடியரசுத் தலைவராக, கொசோவோவிலும் ஆச்சேயிலும் சமரசம் பேசியவராக, 2008-ஆம் ஆண்டு அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றவராக உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, தம் பணிகளில் நமீபியாவையே முதன்மையாக அவர் சொன்னார். காரணம், அதற்குத்தான் மிக நீண்ட காலம் பிடித்தது. 1977-இல் தொடங்கிய அந்தப் பொறுப்பு 1990 மார்ச்சில்தான் முடிந்தது.

கைமாறிக்கொண்டே இருந்த நாடு

முதலில் அந்த நாட்டைப் பார்ப்போம். நமீபியா, தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்குக்கு மேல் பரப்புள்ள நாடு. ஆனால் விடுதலை பெற்ற காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் பதினைந்து லட்சத்துக்கும் குறைவு. மேற்கே கடலோரம் முழுக்க நமீப் பாலைவனம், கிழக்கே கலஹாரி. அக்காலத்து மக்களில் பாதிக்கு நெருங்கியவர்கள் அங்கோலா எல்லையை ஒட்டிய வடக்கு ஓவம்போப் பகுதியில் வாழ்ந்தார்கள். மண்ணுக்கடியில் வைரம், யுரேனியம், செம்பு. கடலில் மீன் வளம்.

1884-இல் ஜெர்மனி அந்த நிலத்தைத் தன் காலனி ஆக்கிக்கொண்டது. 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்கள் மீது ஜெர்மன் படை நடத்திய கொலைவெறி, இருபதாம் நூற்றாண்டின் முதல் இனப்படுகொலை என்று இன்று குறிப்பிடப்படுகிறது. முதல் உலகப் போரின்போது, 1915-இல் தென்னாப்பிரிக்கப் படை அந்நாட்டைக் கைப்பற்றியது. சர்வதேச சங்கம் அதைப் பாதுகாத்து வளர்க்கும் பொறுப்பைத் தென்னாப்பிரிக்காவிடம் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவோ அதைத் தன் ஐந்தாவது மாகாணம் போல நடத்தி, தன் நிறவெறிச் சட்டங்களையும் அங்கே நட்டது.

ஐ.நா. பொதுச்சபை 1966 அக்டோபரில் அந்தப் பொறுப்பை ரத்து செய்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்டு 26 அன்று, ஸ்வாப்போ விடுதலை இயக்கத்தின் போராளிகள் ஓமுகுலுக்வொம்பாஷே என்ற இடத்தில் தென்னாப்பிரிக்கப் படையோடு முதன்முறையாக மோதினார்கள். 1971-இல் சர்வதேச நீதிமன்றம், தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பது சட்டவிரோதம் என்று கருத்துரை வழங்கியது. அந்தக் கேள்வியை நீதிமன்றத்தின் முன் கொண்டுபோகப் பாதுகாப்பு அவையில் முன்முயற்சி எடுத்த நாடு பின்லாந்து. நமீபியாவின் வடக்கே பின்லாந்து லுத்தரன் சமயப் பணியாளர்கள் 1870 முதலே தங்கி, பள்ளியும் மருத்துவமும் நடத்தி வந்தவர்கள். ஆகவே பின்லாந்துத் தூதர் ஒருவர் நமீபியாவின் வாசலில் வந்து நின்றபோது, அவருடைய நாடு அங்கே முன்பே அறிமுகமாகியிருந்தது. அவர் தம்மைத்தான் அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

தார் எஸ் சலாமில் படித்த பாடம்

அஹ்திசாரி 1937-இல் வீபுரி நகரில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே சோவியத் யூனியனோடு போர் மூண்டது. குடும்பம் ஊரை விட்டு வெளியேறியது. போர் முடிந்தபோது அந்த ஊர் பின்லாந்தின் கையில் இல்லை. ஊரிழந்த குழந்தையாக வளர்ந்தவர் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1960-இல் பாகிஸ்தானின் கராச்சிக்குப் போய்ச் சில ஆண்டுகள் கல்விப் பணி செய்தார். 1965-இல் பின்லாந்து வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது வளரும் நாடுகளுக்கான உதவிப் பிரிவு. வல்லரசுகளின் தலைநகரங்களைத் தேடிப் போகாமல், அந்தத் துறையிலேயே அவர் வேர் விட்டார்.

1973-இல், முப்பத்தாறு வயதில், தான்சானியாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். ஜாம்பியா, சோமாலியா, மொசாம்பிக் ஆகிய நாடுகளின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. அந்தக் காலத்தில் தான்சானியாவின் தலைநகராக இருந்த தார் எஸ் சலாம் எப்படிப்பட்ட நகரம் என்பதை மாணவர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் விடுதலைக் குழு அங்கேதான் தலைமையகம் வைத்திருந்தது. மொசாம்பிக்கின் ஃப்ரெலிமோ, தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ், நமீபியாவின் ஸ்வாப்போ எல்லாம் அந்த ஒரே நகரத்தில் அலுவலகம் நடத்தின. அதிபர் ஜூலியஸ் நைரேரே ஏழை நாட்டின் தலைவர். இருந்தும், தெற்கே ஒரு நாடு அடிமைப்பட்டிருக்கும்வரை தம் நாட்டின் விடுதலை முழுமை பெறாது என்று நம்பி, நாடு கடந்து வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தார்.

மேற்கு நாடுகள் பலவற்றின் கண்ணில் இந்த இயக்கத்தார் ஆயுதக் குழுவினர், சோவியத் சார்பாளர்கள். அவர்களோடு நெருங்கிப் பழகுவது தூதரகத்துக்கு ஆகாத காரியம். அஹ்திசாரி பழகினார். ஸ்வாப்போவின் தலைவர் சாம் நுஜோமாவையும் அவருடைய தோழர்களையும், அவர்கள் யார் கண்ணிலும் படாதிருந்த காலத்தில், சமமாக நடத்திப் பேசினார். போர்ச்சுகீசிய ஆட்சி சரிந்து 1975-இல் மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலை பெற்றதை அருகிலிருந்து பார்த்தார். நேற்று வரை காட்டில் இருந்த போராளி இன்று அமைச்சராவதையும், நிர்வாகம் தெரிந்த கைகள் இல்லாமல் புதிய அரசு திணறுவதையும் பார்த்தார். இவை இரண்டும் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்த பாடங்கள்.

ஒரு நகரத்தில் நான்காண்டு தங்கிப் பழகுவதை எந்த அமைச்சகமும் சாதனைப் பட்டியலில் எழுதாது. ஆனால் 1977-இல் ஐ.நா. தன் நமீபியா ஆணையர் பதவிக்கு ஆள் தேடியபோது, அஹ்திசாரியின் பெயரை ஆப்பிரிக்க நாடுகள் விரும்பி ஏற்றன. அவரை அந்தப் பதவிக்குக் கொண்டுசென்றது அந்த நான்காண்டுப் பழக்கம்தான்.

கையில் திட்டம், எதிரே மூடிய கதவு

1977-இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, கனடா ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து தென்னாப்பிரிக்காவுடனும் ஸ்வாப்போவுடனும் பேசத் தொடங்கின. 1978 ஏப்ரலில் ஒரு திட்டம் உருவானது. போர்நிறுத்தம், படைக்குறைப்பு, ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல், அரசியல் நிர்ணய சபை, பிறகு விடுதலை. திட்டத்தின் மை காயுமுன்பே, மே 4 அன்று தென்னாப்பிரிக்க விமானப் படையும் வான்குடைப் படையும் அங்கோலாவுக்குள் காசிங்கா என்ற இடத்தில் இருந்த ஸ்வாப்போ முகாமைத் தாக்கின. சுமார் அறுநூறு பேர் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அதில் ஏராளம். அந்த ரத்தம் உலராத வேளையில்தான் ஸ்வாப்போ மேசைக்குத் திரும்பி வந்து திட்டத்தை ஏற்றது.

ஜூலையில் அஹ்திசாரி பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். ஆகஸ்டில் ஒரு குழுவோடு நமீபியா சென்று, எத்தனை படையினர், எத்தனை அலுவலர், எத்தனை வாகனம் தேவைப்படும் என்று கணக்கெடுத்தார். அந்த அடிப்படையில் 1978 செப்டம்பர் 29 அன்று பாதுகாப்பு அவை 435-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஓராண்டுக்குள் விடுதலை என்று பலரும் நினைத்தார்கள்.

பத்தரை ஆண்டு ஆயிற்று. தென்னாப்பிரிக்கா அதே டிசம்பரில் ஸ்வாப்போ இல்லாமல் தானே ஒரு தேர்தல் நடத்திக்கொண்டது. 1981 ஜனவரியில் ஜெனீவாவில் கூடிய மாநாடு தோற்றது. அடுத்து வந்த அமெரிக்க அரசு, அங்கோலாவில் இருக்கும் கியூபப் படை வெளியேறினால்தான் நமீபியாவுக்கு விடுதலை என்று இரண்டையும் முடிச்சுப் போட்டது. பனிப்போரின் கணக்கு ஒரு நாட்டின் வாழ்வைப் பத்தாண்டு நிறுத்தி வைத்தது.

இந்தப் பத்தாண்டில் அஹ்திசாரி என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். திட்டத்தைச் சாகவிடாமல் காத்தார். ஒவ்வொரு தலைநகராகப் போய், அதே தாள்களை மறுபடியும் பேசி, அதே ஐயங்களுக்கு மறுபடியும் விடை சொன்னார். இடையில் அவர் நாட்டு அமைச்சகம் அழைத்தது, போனார். பிறகு ஐ.நா.வின் நிர்வாகத் துறைக்கு 1987-இல் தலைவரானார். எந்த நாற்காலியில் இருந்தாலும் நமீபியாவின் சிறப்புப் பிரதிநிதி என்ற பொறுப்பை அவர் கைவிடவில்லை.

இன்னொரு பணியும் ஓசையில்லாமல் நடந்தது. 1976-இல் ஜாம்பியாவின் லுசாக்காவில் ஐ.நா. நமீபியா நிறுவனம் தொடங்கப்பட்டது. நாளைய நமீபியாவுக்குத் தேவையான நிர்வாகிகளையும் ஆசிரியர்களையும் சட்டம் தெரிந்தவர்களையும் நாட்டுக்கு வெளியிலேயே உருவாக்குவது அதன் வேலை. அதன் இயக்குநர் ஹேகே கெயின்கோப். 1989-இல் ஸ்வாப்போவின் தேர்தல் பிரசாரத்தை நடத்தியவர் அவர். அரசியல் நிர்ணய சபைக்குத் தலைமை தாங்கியவர், நாட்டின் முதல் பிரதமர், பின்னாளில் குடியரசுத் தலைவர் எல்லாம் அவரே. விடுதலை எப்போது வரும் என்று தெரியாத காலத்திலேயே விடுதலைக்கு வேண்டிய ஆட்களைத் தயார் செய்த அந்தத் தொலைநோக்கு, ஐ.நா.வின் வரலாற்றில் பெருமைக்குரிய ஒன்று.

அங்கோலாவின் குய்ட்டோ குவானாவாலேயில் 1987-88-இல் நடந்த பெரும் போர், யாராலும் முழு வெற்றி பெற முடியாது என்பதை எல்லோருக்கும் காட்டியது. சோவியத் யூனியனும் அமெரிக்காவும் நெருங்கி வந்தன. 1988 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா மூன்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த நிகழ்ச்சிக்காகப் புறப்பட்ட அப்போதைய ஐ.நா. நமீபியா ஆணையர், ஸ்வீடனைச் சேர்ந்த பெர்ன்ட் கார்ல்சன், முந்தைய நாள் லாக்கர்பி மேலே குண்டு வெடித்துச் சிதறிய விமானத்தில் உயிரிழந்தார். விடுதலையின் வாசல்வரை வந்து உள்ளே காலடி வைக்காமல் போனவர்களின் வரிசையில் அவரையும் நாம் வணக்கத்தோடு நினைக்க வேண்டும்.

1989 ஏப்ரல் 1

இப்போது என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன்.

435-ஆம் தீர்மானம் 7,500 படையினரை அனுமதித்திருந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அவையின் நிரந்தர உறுப்பு நாடுகள் வற்புறுத்தின. பாதுகாப்பு குறையும் என்று ஆப்பிரிக்க நாடுகளும் அணிசேரா நாடுகளும் எதிர்த்தன. அந்தச் சண்டையில் வாரங்கள் கரைந்தன. கடைசியில் 4,650 பேர் என்று முடிவாயிற்று. செலவுத் திட்டத்துக்குப் பொதுச்சபை ஒப்புதல் தந்தது மார்ச் 1 அன்று. போர்நிறுத்தம் தொடங்க வேண்டிய நாள் ஏப்ரல் 1. ஒரே மாதம்.

அஹ்திசாரி நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் இறங்கியது மார்ச் 31. அப்போது ஐ.நா. படையில் நாட்டுக்குள் வந்து சேர்ந்திருந்தவர்கள் ஓராயிரம் பேர் அளவுதான். அவர்களிலும் பெரும்பாலோர் தளவாடமும் தகவல் தொடர்பும் பார்ப்பவர்கள். வடக்கு எல்லையில் கண்காணிக்க ஆளே இல்லை எனலாம்.

மறுநாள் காலை, நூற்றுக்கணக்கான ஸ்வாப்போ போராளிகள் அங்கோலாவிலிருந்து எல்லை தாண்டி வந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. தங்களுக்கு நாட்டுக்குள்ளேயே தளங்கள் உண்டு, அங்கே ஐ.நா.விடம் ஆயுதங்களை ஒப்படைக்கலாம் என்பது ஸ்வாப்போவின் நெடுநாள் வாதம். தென்னாப்பிரிக்கா அதை ஏற்றதே இல்லை. 1988 ஆகஸ்டில் ஜெனீவாவில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஸ்வாப்போ படை 16-ஆவது அட்சக்கோட்டுக்கு வடக்கே இருக்க வேண்டும். அந்த உடன்பாட்டில் ஸ்வாப்போ கையெழுத்திடவில்லை. திட்டத்தில் பத்தாண்டாகத் தெளிவாக்கப்படாமல் கிடந்த ஒரு சந்து, முதல் நாளிலேயே ரத்தக்களமாயிற்று.

தென்னாப்பிரிக்கா மிரட்டியது: எங்கள் படையை முகாமிலிருந்து வெளியே அனுப்ப ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திட்டத்தையே கைவிடுவோம். பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் அன்றைக்கு விண்ட்ஹூக்கில் இருந்தார். ஐ.நா.வின் கையில் தடுக்கும் படை இல்லை, சரிபார்க்கும் கண்களும் போதவில்லை. அஹ்திசாரி நியூயார்க்குடன் பேசினார். குறிப்பிட்ட சில பிரிவுகள் மட்டும், தற்காலிகமாக வெளியே போகலாம் என்று அனுமதி தரப்பட்டது. அடுத்த ஒன்பது நாட்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்வாப்போ போராளிகள் கொல்லப்பட்டார்கள். விடுதலைக்காகப் பல ஆண்டு காத்திருந்த இளைஞர்கள், விடுதலைக் கடிகாரம் ஓடத் தொடங்கிய வாரத்தில் செத்தார்கள்.

இந்த முடிவை எளிதாக நியாயப்படுத்த நான் வரவில்லை. ஆப்பிரிக்காவெங்கும் எழுந்த கோபம் நியாயமானது. நிறவெறிப் படைக்கு ஐ.நா. அனுமதிச்சீட்டு கொடுத்தது என்று சொன்னவர்களின் வேதனை உண்மையானது. அதே நேரத்தில், மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்கப் படை எப்படியும் வெளியே வந்திருக்கும், 435-ஆம் தீர்மானம் அன்றே இறந்திருக்கும் என்பதே என் கணிப்பு. ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு நின்ற தூதரிடம் நல்ல வழி இருக்கவில்லை. அவரை அந்த நிலையில் நிறுத்தியது, செலவைப் பேசிப் பேசி ஒரு மாதத்தில் கொண்டுவந்து முடித்தவர்களின் சிக்கனம். அமைதிப் படைக்குச் செலவைக் குறைப்பவர்கள் அந்தப் பாக்கியை யாருடைய உயிரால் அடைக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து நடந்ததில்தான் என் வாதம் இருக்கிறது. ஏப்ரல் 8 அன்று நுஜோமா தம் போராளிகளைத் திரும்பச் சொன்னார். 9 அன்று எட்ஜோ மலை என்ற இடத்தில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா மூன்றும் கூடி, போராளிகள் பாதுகாப்பாக அங்கோலா திரும்ப வழி செய்தன. மே நடுவில் தென்னாப்பிரிக்கப் படை மீண்டும் முகாமுக்குள் போனது. இத்தனை சாவுக்குப் பிறகும் ஸ்வாப்போ திட்டத்தை விட்டு வெளியேறவில்லை. முன்னணி ஆப்பிரிக்க நாடுகள் அஹ்திசாரியை வன்மையாகக் கண்டித்தன. ஆப்பிரிக்கர் ஒருவர் அவருக்கு அடுத்த நிலையில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தி, போட்ஸ்வானாவின் தூதர் லெக்வாய்லாவைத் துணைப் பிரதிநிதியாக அமர்த்தச் செய்தன. ஆனால் அஹ்திசாரி அந்த நாற்காலியிலேயே இருந்தார். புதிதாக வந்திறங்கிய ஒருவர் அதே முடிவை எடுத்திருந்தால், எதிரியின் ஆள் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். அவர்மீது கோபம் இருந்தது. ஆனால் அவர் யார் என்று தார் எஸ் சலாம் காலத்திலிருந்து அவர்களுக்குத் தெரியும். பதினாறு ஆண்டு சேர்ந்த பழக்கம் அந்த ஒன்பது நாளையும் தாங்கிக்கொண்டது.

மறுக்கும் உரிமை

ஏப்ரல் முதல் நவம்பர் வரை நடந்த பணியை உலகம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. தூதர் தொழிலின் நுட்பம் முழுவதும் அந்த ஏழு மாதத்தில்தான் இருக்கிறது.

திட்டப்படி நாட்டை நிர்வகிப்பது தென்னாப்பிரிக்காவின் தலைமை நிர்வாகி லூயி பினார். தேர்தலை நடத்துவதும் அவரே. ஒவ்வொரு படியும் நியாயமாக இருக்கிறது என்று ஐ.நா. பிரதிநிதி நிறைவடைந்தால்தான் அடுத்த படிக்குப் போக முடியும். அஹ்திசாரியின் கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்: நிறைவில்லை என்று சொல்லும் உரிமை. அதை அவர் பொறுமையாகவும் பிடிவாதமாகவும் பயன்படுத்தினார்.

பாகுபாட்டுச் சட்டங்கள் நீக்கப்பட்டன. நாடு கடந்து வாழ்ந்தவர்களுக்குப் பொது மன்னிப்பு வந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் ஊர் திரும்பினார்கள். முதலில் வந்த தேர்தல் சட்ட வரைவில், வாக்குச்சீட்டை வாக்காளரின் அடையாளத்தோடு இணைத்து, எல்லாவற்றையும் விண்ட்ஹூக்குக்குக் கொண்டுபோய் எண்ணும் ஏற்பாடு இருந்தது. வாக்கின் ரகசியம் போய்விடும் என்று ஐ.நா. ஒப்பவில்லை. மாதக் கணக்கில் வாதாடி, அக்டோபரில்தான் திருத்திய சட்டம் வெளிவந்தது.

அதைவிடக் கடினமானது கூஃபூட். வடக்கில் கிராமங்களை நடுங்க வைத்த காவல் படைப் பிரிவு அது. அதைக் கலைத்துவிட்டோம் என்று சொல்லி, அதே ஆட்களைச் சாதாரண போலீசில் சேர்த்திருந்தார்கள். கண்ணிவெடி தாங்கும் காஸ்பிர் வண்டிகளில் அவர்கள் அதே கிராமங்களுக்குள் மறுபடியும் போய்வந்தார்கள். ஐ.நா. தன் போலீஸ் கண்காணிப்பாளர் எண்ணிக்கையை 500-லிருந்து 1,500 ஆக்கியது. ஒவ்வொரு ரோந்துக்குப் பின்னாலும் ஒரு ஐ.நா. வண்டி போக வேண்டும் என்று முயன்றது. ஆகஸ்டு இறுதியில் பாதுகாப்பு அவையின் 640-ஆம் தீர்மானம் அந்தப் பிரிவைக் கலைக்கச் சொன்னது. அக்டோபருக்குள் அது கலைந்தது.

நாடெங்கும் 42 இடங்களில் ஐ.நா. அரசியல் அலுவலகங்கள் இருந்தன. அங்கிருந்த இளம் அலுவலர்கள் தேவாலயத்திலும் பண்ணையிலும் சந்தையிலும் மக்களோடு உட்கார்ந்து, உங்கள் வாக்கு யாருக்கும் தெரியாது, பயப்பட வேண்டாம் என்று உள்ளூர் மொழிகளில் எடுத்துச் சொன்னார்கள். வானொலி நாள்தோறும் அதையே சொன்னது. கட்சிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தேர்தல் நடத்தை விதிகளில் அவற்றைக் கையெழுத்திட வைத்தார் அஹ்திசாரி. ஸ்வாப்போ தன் முகாம்களில் சொந்த ஆட்களையே சிறைவைத்துக் கொடுமைப்படுத்தியது என்ற புகார் எழுந்தபோது, அங்கோலாவுக்கும் ஜாம்பியாவுக்கும் விசாரணைக் குழு அனுப்பினார். தமக்கு நெருக்கமானவர்கள் என்பதற்காக அந்தக் கேள்வியை அவர் ஒதுக்கவில்லை. நண்பர்களிடமும் கேள்வி கேட்பவரைத்தான் எதிர்த்தரப்பும் நம்பும்.

ஆபத்து அவரையும் தேடி வந்தது. ஸ்வாப்போவின் வெள்ளையின வழக்கறிஞர் ஆண்டன் லுபோவ்ஸ்கி செப்டம்பர் 12 அன்று விண்ட்ஹூக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். தென்னாப்பிரிக்க ராணுவத்தின் ரகசியப் பிரிவு ஒன்று அஹ்திசாரியைத் தாக்கத் திட்டமிட்டிருந்தது என்பது பின்னாளில் அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் வெளிவந்தது. லுபோவ்ஸ்கி கொல்லப்பட்ட இரண்டாம் நாள், ஏறக்குறைய முப்பதாண்டு அந்நிய மண்ணில் வாழ்ந்த நுஜோமா தாயகம் திரும்பினார்.

நவம்பர் 7 முதல் 11 வரை வாக்குப்பதிவு. பதிவு செய்த வாக்காளர் ஏழு லட்சத்துச் சொச்சம். அவர்களில் 97 விழுக்காட்டினர் வந்து வாக்களித்தார்கள். ஸ்வாப்போ 57 விழுக்காடு வாக்குகளையும் 72 இடங்களில் 41-ஐயும் பெற்றது. நவம்பர் 14 அன்று, தேர்தல் சுதந்திரமாகவும் நேர்மையாகவும் நடந்தது என்று அஹ்திசாரி சான்றளித்தார். அரசியலமைப்பை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 48 வாக்குகள் தேவை. ஆகவே வென்ற கட்சி தோற்றவர்களோடு பேசியே ஆக வேண்டும். பேசினார்கள். 1990 பிப்ரவரி 9 அன்று, மரண தண்டனையை ஒழித்த அந்த அரசியலமைப்பு ஒருமனதாக நிறைவேறியது. மார்ச் 21 அன்று நமீபியா பிறந்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் பெரெஸ் டி குவேயர், நுஜோமாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். வால்விஸ் விரிகுடாத் துறைமுகம் மட்டும் 1994 வரை தென்னாப்பிரிக்காவிடம் இருந்தது. பிறகு அதுவும் வந்து சேர்ந்தது.

நம் பங்கு, நம் கடமை

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. ஐ.நா. படைத் தளபதியாக நமீபியாவில் நின்றவர் இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம்சந்த். காங்கோவிலும் சைப்ரசிலும் ஐ.நா.வுக்காகப் பணியாற்றியவர். அஹ்திசாரிக்கு முன்பே, பிப்ரவரி இறுதியிலேயே விண்ட்ஹூக் வந்து சேர்ந்தார். ஸ்வாப்போவுக்கு 1985-இல் டெல்லியில் முழுத் தூதரக நிலை தந்தது இந்தியா. அதற்கும் வெகு முன்பு, 1946-இல், தென்னாப்பிரிக்காவின் இனப் பாகுபாட்டை ஐ.நா.வுக்கு முதலில் கொண்டுபோனதும் இந்தியாதான். அந்தப் புகார் யாருக்காக எழுந்தது? 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் போய் இறங்கிய கரும்புத் தோட்டக் கூலிகளின் சந்ததிக்காகவும்தான். அவர்களில் தமிழர்கள் கணிசமானோர். ஆப்பிரிக்காவின் உரிமைப் போராட்டம் நமக்கு அயலார் கதை இல்லை.

2018-இல் இந்தியா ஆப்பிரிக்காவில் பதினெட்டுப் புதிய தூதரகங்களைத் திறக்க முடிவு செய்தது. 2023 செப்டம்பரில், டெல்லி மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி-20 அமைப்பின் நிரந்தர உறுப்பினரானது. கட்டடங்கள் திறக்கப்படுகின்றன, நல்லது. அந்தக் கட்டடங்களுக்குள் யார் உட்காரப்போகிறார்கள்? மூன்றாண்டு முடிந்ததும் வேறு கண்டத்துக்கு மாற்றல் கேட்பவர்களா, அல்லது ஒரு வட்டாரத்துக்குத் தம் வாழ்நாளின் ஒரு பகுதியைக் கொடுப்பவர்களா?

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களில் யாராவது வெளியுறவுப் பணிக்குப் போனால், மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள். ஸ்வாஹிலி, போர்ச்சுகீஸ், பிரெஞ்சு, அம்ஹாரிக் ஆகியவற்றில் ஒரு மொழியையாவது ஆழமாகப் படியுங்கள். ஆட்சியில் இருப்பவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், நாளை யார் வருவார்கள் என்று தெரியாத காலத்திலேயே எல்லோரோடும் மரியாதையாகப் பழகுங்கள். ஆப்பிரிக்காவை ஒரே நாடாக எண்ணாதீர்கள். அங்கே ஐம்பத்துநான்கு நாடுகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரலாறும் காயமும் நம்பிக்கையும் உண்டு.

வெளியுறவு அமைச்சகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு வட்டாரத்தைத் தம் துறையாகத் தேர்ந்து நிற்கும் அலுவலருக்கு உயர்வில் இழப்பு வராதபடி விதிகள் அமைய வேண்டும். லண்டனும் வாஷிங்டனும் பார்த்தவர்தான் பெரியவர் என்ற எண்ணம் மாற வேண்டும். அஹ்திசாரி தம் நாட்டின் குடியரசுத் தலைவரானது 1994-இல். அந்த உயரத்துக்கு அவர் ஏறிய பாதை தார் எஸ் சலாம் வழியாகவும் விண்ட்ஹூக் வழியாகவும் போனது.

2023 அக்டோபர் 16 அன்று அவர் மறைந்தார். நமீபியா அவரைத் தன் கௌரவக் குடிமகனாக ஏற்றிருந்தது. ஒரு தூதருக்கு அவர் பணியாற்றிய மண் தரக்கூடிய சான்றிதழ்களில் அதைவிடப் பெரியது இல்லை. அப்படிப்பட்ட சான்றிதழ் ஒன்றை, அடுத்த முப்பதாண்டில், இந்த அரங்கத்தில் இருக்கும் ஒருவர் ஏதாவது ஓர் ஆப்பிரிக்க நாட்டிடமிருந்து பெற வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான படிப்பை இந்த ஆண்டே தொடங்குங்கள்.